சும்மா இலையைப் பயன்படுத்தும் முறை

எங்கள் மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலருக்காக என்னிடம் இரண்டு பக்கக் கட்டுரையும் ஒரு புகைப்படமும் கேட்டிருந்தார்கள். புகைப்படத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். கட்டுரைதான் ஐந்து வாரமாக இழுத்துக்கொண்டு போகிறது.

தலைப்பைச் செயலாளரே கொடுத்துவிட்டார்: ‘புலனடக்கப் புகையின் பலன்களும் அதை விழிப்போடு பயன்படுத்தும் நெறிகளும்.’ அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். வேலையில் இருந்தபோது ஒரே ஒரு பாலம் கட்டினார். ஓய்வுக்குப் பிறகு இந்த மாதிரித் தலைப்புகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பாலத்தைவிட இவை நீளம்.

“பயப்படாம எழுதுங்க மாஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?” என்றார் தொலைபேசியில். “கொஞ்சம் தத்துவம், கொஞ்சம் அனுபவம், கடைசில உங்க அக்காவைப் பத்தி ரெண்டு வரி. அட்டைப்படமே அவங்கதானே.”

அந்தக் கடைசி இரண்டு வரிதான் வரவில்லை. அதை முதலில் எழுதிவிட்டால் மற்றது தானாக வரும் என்று அங்கிருந்து தொடங்கிப் பார்த்தேன். தொடங்கினால் அது இரண்டு வரியில் நிற்பதாக இல்லை. அதனால் ஒழுங்காக இலையிலிருந்தே வருகிறேன்.

இது மலைச்சரிவில் வளரும் ஒரு புதரின் இலை. நிழலில் உலர்த்தி நொறுக்கி, கனிந்த கரித்துண்டின் மேல் ஒரு சிட்டிகை போட்டால் புகையும். வாசனை ஒன்றும் பிரமாதமில்லை. ஈரத்துணியை இஸ்திரி போடும்போது வருமே, அந்த வாசனைதான். மன்றத்தில் இதற்குப் ‘பரம சாந்தப் பத்திரம்’ என்று பெயர். மூன்று கூட்டம் போட்டு வைத்த பெயர். நாலாவது கூட்டத்தில் செயலாளரே வாய் தவறி ‘சும்மா இலை’ என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் அது சும்மா இலைதான்.

புதிதாக வருகிறவர்கள் ஏதாவது தெரியுமா, ஒளி வருமா, பறப்பது போல இருக்குமா என்று கேட்பார்கள். ஒன்றும் தெரியாது. தூக்கமும் வராது. முதல் ஐந்து நிமிடம் நாக்கு கொஞ்சம் தடிக்கும். சத்தங்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது போல விலகும். பத்தாவது நிமிடத்தில் ‘வேண்டும்’ என்பது போய்விடும். அவ்வளவுதான் இலையின் வேலை. பசி இருக்கும், சாப்பிட வேண்டும் என்று இருக்காது. முதுகு அரிக்கும், சொறிய வேண்டும் என்று இருக்காது. தொலைபேசி மணி அடித்தால் கேட்கும்; மழை பெய்தால் கேட்பது போல.

இதற்காகத்தான் சனி காலையிலும் ஞாயிறு காலையிலும் என் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒரு வீட்டுத் தரகர் வருகிறார். பார்க்கிற வீட்டையெல்லாம் விற்க வேண்டும் என்ற வெறி அவருக்கு. நாலு மணி நேரம் அது இல்லாமல் இருப்பதற்காக வருகிறார். பல் டாக்டர் அம்மாள் தன் மாமியாரை மறப்பதற்காகச் சனிக்கிழமை வருகிறார். மாமியார் மருமகளை மறப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இருவருக்கும் பலன் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

ஒரு வகுப்பின் விளைவு நாலு மணி நேரம் இருக்கும். வாரம் ஒரு முறை என்றால் சுத்தமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். தினமும் இழுத்தால் போகாது. உடம்புக்குள் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால்தான் விதிகளை எழுதினேன். இரண்டு விரல் நுனியில் நிற்கிற அளவுதான் போட வேண்டும். ஜன்னல் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் ஏழு நாள் இடைவெளி. முடிந்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது. யாரையும் புகையோடு தனியாக விடக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கரியில் இலையைப் போடுவதற்கு முன், ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ‘உங்களுக்கு வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். அவர்கள் வாய்விட்டு ‘வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது.

இந்தக் கேட்கும் வழக்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஆரம்ப காலத்தில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே செயலாளரிடம், “இன்னொரு சிட்டிகை போடட்டுமா சார்?” என்று கேட்டேன். “போடுங்க” என்றார். பக்கத்திலிருந்த பல் டாக்டருக்கு அன்றைக்கு இலை சரியாக ஏறவில்லை போலிருக்கிறது. விளையாட்டாக, “சார், உங்க கடிகாரத்தை எனக்குக் குடுத்துடறீங்களா?” என்றார். செயலாளர் கழற்றிக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, வெறும் மணிக்கட்டைப் பார்த்து அழகாகச் சிரித்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்து, “என் மாமனார் போட்ட கடிகாரம் அது” என்று வாசலில் நின்றார். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கும் உள்ளே ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும். இலை அதையும் சேர்த்துத்தான் துடைக்கிறது. அதனால் இப்படி எழுதினேன்: ‘புகைக்குப் பின் சொல்லும் சம்மதம் சம்மதமல்ல.’ செயலாளர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டு வகுப்பறையில் மாட்டினார். சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தவர், இனிமேல் கதையில் வரப்போகிற கண்ணாடிக்காரர்.

அதற்கு முன் என் அக்காவைச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இரண்டாவது மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், அதன் தலையில் கறுப்புப் பஞ்சுத் தொப்பி, சிவப்புப் பொத்தான். அதை அமுக்கிக்கொண்டு பேசினால் பதினான்கு நடைமேடைக்கும் கேட்கும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. காய்கறிக் கடையில் விலை கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து, “நீங்க மைக் அக்காதானே?” என்பார். நான் ஒரு வழியாக மாஸ்டர் ஆன பிறகும் தெருவில் எனக்குப் பெயர் மைக் அக்கா தம்பிதான்.

அவள் வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். காலையில் மாடிப்படியில் நின்றுகொண்டு ஆரம்பிப்பாள்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய தம்பி, தவிர்க்க முடியாத சோம்பேறித்தனம் காரணமாக இன்னும் படுக்கையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளார். தாமதத்திற்கு வருந்துகிறோம்.” நாற்பத்துமூன்று வயது வரை நான் அப்படித்தான் எழுந்திருந்தேன். சமையல் அவள். துணி அவள். எனக்கு எதிலெல்லாம் உப்பு குறைவாக வேண்டும் என்பது எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும்.

வகுப்பறை ஜன்னல் சின்னதாக இருந்தது. நான் எழுதிய விதிக்கு நான்தானே கட்டுப்பட வேண்டும்? பெரிய ஜன்னல் வைக்கக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும், மனைவியை இழந்தவர், விரல் நுனியெல்லாம் பழைய வெட்டுக் காயம். அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது தடவை நாடாவை விரித்தபோது அக்கா டீயோடு வந்து நின்றாள்.

“எத்தனை தடவைங்க அளப்பீங்க? ஜன்னல் என்ன வளர்ந்துகிட்டா இருக்கு?”

“கண்ணாடிங்க. தப்பா வெட்டிட்டா ஒட்ட முடியாது.”

“எங்க வேலையும் அதேதான். மைக்ல ஒண்ணு சொல்லிட்டா திருப்பி முழுங்க முடியாது.”

அவர் நாடாவைச் சுருட்டாமலே அவளைப் பார்த்தார். “அந்தக் குரல் நீங்களா?” என்றார்.

பிறகு அக்காவுக்குத் திடீரென்று தன் அறை ஜன்னலும் ஆடுவதாகத் தோன்றியது. அந்த மனிதர் தொழிலில் ஒரு கண்ணாடியைக்கூட வீணாக்காதவர் என்று பேர். என் அக்காவின் ஜன்னலுக்கு மட்டும் இரண்டு தடவை விரல் அகலம் குறைத்து வெட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவை அக்கா சிரித்த சிரிப்பு கீழே வகுப்பு வரைக்கும் கேட்டது. தரகர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். மற்றவர்களுக்குப் பார்க்க வேண்டும் என்று இல்லை. எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“தம்பி, உட்காரு. ஒரு அறிவிப்பு.”

“மைக்லயா, நேர்லயா?”

“நேர்லதான். அவருக்கு அவங்க அண்ணன் ஊர்ல கடை கிடைச்சிருக்கு. வர்ற ஒண்ணாந்தேதி கிளம்பறார். நானும் போறேன்.”

“கல்யாணமா?”

“நாப்பத்தொன்பது வயசுல அதுக்கு வேற என்னடா பேர் வைக்கறது?” என்றாள். காது வரை சிவந்துபோயிருந்தது. “அங்கயும் பஸ் நிலையம் இருக்கு. விசாரிச்சுட்டேன். இந்தக் குரலுக்கு வேலை உண்டாம். நீ மொதல்ல முட்டை வேக வைக்கக் கத்துக்க. தண்ணி கொதிக்கறது வரைக்கும் நான் சொல்லித் தரேன், மிச்சத்தை முட்டையே பார்த்துக்கும்.”

“நல்ல விஷயம்தானே” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்தேன். முதல் முறையாக.

என்னைக் கெட்டவன் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவள் நிம்மதியாக இல்லை. பெட்டியில் துணியை அடுக்குவாள், எடுப்பாள், மறுபடி அடுக்குவாள். தூக்கம் சரியாக இல்லை. “நான் போறது சரிதானாடா?” என்று என்னைக் கேட்டாள். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. வகுப்பில் யார் இப்படிக் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்வேன்: தெளிந்த மனதோடு யோசியுங்கள். வெளியார் இருபது பேருக்கு வாரா வாரம் தெளிவு கொடுக்கிறவன், சொந்த அக்காவுக்குக் கொடுக்காமல் இருந்தால் அது என்ன நியாயம்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு, மண்கிண்ணத்தில் கரி கனிய வைத்து, ஒரு சிட்டிகை போட்டு மாடிக்கு எடுத்துப்போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா அது? கொசுவுக்கா?”

“ஆமா” என்றேன்.

“மூலைல வை. துணில பட்டுடப் போகுது.”

வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவையும் சாத்திவிட்டு, ஈரக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். கொசு வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்து நிமிடம் கழித்து உள்ளே போனேன். ஊசி கையில் இருந்தது. நூல் பாதியில் நின்றிருந்தது. என் விதியை நான் மீறவில்லை, கேட்டேன்.

“அக்கா, உனக்கு இது வேண்டுமா?”

என்னைப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பாளே, அப்படி ஒரு பிரியம் கண்ணில் இருந்தது. அல்லது அதுவும் இல்லையோ என்னவோ.

“இருக்கட்டும்டா” என்றாள்.

இங்கே ஒன்றை விட்டுவிட்டேன். வரிசைப்படி முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மூன்று வருடம் முன்பு, வகுப்பு கொஞ்சம் பேர் பெற்ற சமயத்தில், முறைப்படி, கரிகூடப் பற்றவைக்காமல் அவளைக் கேட்டிருந்தேன். “ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாரேன்கா.”

“வேண்டாம்” என்றாள். “எனக்கு இருக்கறதே நாலு ஆசை. அதையும் புகை போட்டு விரட்டிட்டு நான் என்னடா செய்வேன்? உன் வகுப்புக்காரங்களுக்கு நாப்பது இருக்கு, அவங்க விரட்டட்டும். என் ரூம் பக்கம் மட்டும் அது வரக் கூடாது. சொல்லிட்டேன்.”

ஆனால் அது மூன்று வருடத்துக்கு முந்தைய பதில். மனிதர்கள் மாறுவார்கள். அதனால்தான் மறுபடியும் கேட்டேன்.

அடுத்த நாளும் ஆறு மணிக்குக் கொண்டுபோனேன். அதற்கு அடுத்த நாளும். ஏழு நாள் இடைவெளி விதி வகுப்புக்காக எழுதியது. வீட்டுக்கு என்று நான் எழுதவில்லை. நாலாம் நாள் பெட்டி பாதி அடுக்கியபடியே நின்றது. ஐந்தாம் நாள் கண்ணாடிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். அக்கா தன் பக்கத்தில் மணி அடிப்பதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். “எடுக்கலையாக்கா?” என்றேன். “அடிக்குதுல்ல” என்றாள்.

வேலைக்கு மட்டும் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் நிலைய மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க அக்கா இன்னிக்கு மைக்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ‘ஆறாம் நடைமேடைல ஒரு வண்டி நிக்குது. போறவங்க போகலாம்.’ அவ்வளவுதான். எந்த ஊர் வண்டின்னு சொல்லலை. கீழ சனங்க ஜோக்குன்னு நினைச்சுக் கை தட்டறாங்க. நான் ஓடிப் போய்ப் பார்த்தா, பொத்தான்ல இருந்து விரலை எடுக்காம உட்கார்ந்திருக்காங்க. அவங்க மூச்சு விடறது பதினாலு நடைமேடைக்கும் கேட்டுச்சுங்க.”

“கல்யாணப் பேச்சு ஓடுது. கொஞ்சம் மனசுக் குழப்பம்” என்றேன்.

“கொஞ்ச நாள் லீவுல இருக்கட்டும். நல்லா கவனிச்சுக்குங்க.”

“கவனிச்சுக்கறேன்” என்றேன். அன்றிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒண்ணாந்தேதி காலை கண்ணாடிக்காரர் ஒரு சின்ன வேனோடு வந்தார். வேனுக்குள் கண்ணாடிகள் பாய் சுற்றி நின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு நாற்காலி கட்டி வைக்கப்பட்டிருந்தது. அக்காவுக்காகப் புதிதாக வாங்கிய நாற்காலி. துணி உறைகூடப் பிரிக்கவில்லை. மேலே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன்.

“போலாமா?” என்றார்.

“போலாம்” என்றாள் அக்கா.

அவர் எழுந்தார். அவள் எழவில்லை.

“வர்றதுக்கு இஷ்டமில்லையா? இல்லேன்னா சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

“இருக்கட்டும்” என்றாள்.

“இருக்கட்டும்னா? வரட்டும்னா, இங்கயே இருக்கட்டும்னா?”

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். வெறும் மணிக்கட்டைப் பார்த்துச் செயலாளர் சிரித்தாரே, அதே சிரிப்பு. அவர் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். அவரும் மூன்று தடவை கேட்டார், மூன்று தடவை அளப்பது போல. கடைசியில் எழுந்து ஜன்னலிடம் போய், சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

“இதை நான் திறந்து வைக்கத்தானே போட்டேன். ஏன் மூடியிருக்கு? ஏதோ வாசனையும் வருதே.”

“கீழ வகுப்பு நடக்குதுல்ல, அது. காத்து அக்காவுக்கு ஆகறதில்ல” என்றேன்.

வேன் தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன். அந்த நாற்காலியை அவர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா இப்போது உட்கார்ந்திருப்பது அதில்தான். அட்டைப்படத்தில் தெரிவதும் அதுதான்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். காரியம் முடிந்துவிட்டது, அவர் போய்விட்டார், இனி அவளுக்கு அவள் ஆசைகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. ஆனால் திரும்பி வருகிற ஆசைகளில் முதலாவது எது என்று யோசித்தேன். அவருக்கு ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே வேனைத் திருப்பிக்கொண்டு வருவார். ஒரு மாதம் போகட்டும் என்று வைத்தேன். பிறகு இன்னொரு மாதம். அந்த ஒண்ணாந்தேதி போய் ஒரு வருடம் நாலு மாதம் ஆகிறது.

முட்டை வேக வைக்கக் கற்றுக்கொண்டேன். கரண்டியைக் கையில் கொடுத்தால் அக்கா சாப்பிடுகிறாள். கொடுக்காவிட்டால் தட்டைப் பார்க்கிறாள். நான்தான் தலை வாரிவிடுகிறேன். காலையில் தானாக எழுந்திருக்கிறேன். யாரும் அறிவிப்பதில்லை. கடைக்குப் போகும்போது பேருந்து நிலையத்தைத் தவிர்த்து மூன்று தெரு சுற்றிப் போகிறேன். அங்கே இப்போது பதிவு செய்த குரல் ஓடுகிறது என்று கேள்வி. அது யார் குரல் என்று நான் விசாரிக்கவில்லை.

இனி மன்றம் இதில் எப்படி வந்தது என்பது. ஒரு சனிக்கிழமை செயலாளர் கழிப்பறை தேடி மாடிக்கு வந்தவர், அக்காவின் அறையை எட்டிப் பார்த்துவிட்டார். பத்து நிமிடம் கழித்துக் கீழே வந்தார். முகம் கனிந்திருந்தது.

“மாஸ்டர், இவ்வளவு நாள் ஏன் சொல்லலை? நாங்கள்லாம் வாரத்துல நாலு மணி நேரம் தொட்டுட்டு வர்ற இடத்துல அவங்க குடியே இருக்காங்களே. ஈ முகத்துல உட்காருது, அவங்க அசையலை. என்ன நிலை அது!”

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முடிந்ததும் வரிசையாக மாடிக்குப் போக ஆரம்பித்தார்கள். அவள் எதிரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். தரகர் ஒரு முறை அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மன்றத்தில் மருத்துவம் தெரிந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவரை ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஈறு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

போன மாதம் புகைப்படக்காரர் வந்தார். “அம்மா, கொஞ்சம் சிரிங்க” என்றார். சிரித்தாள். “போதும்” என்று சொல்ல மறந்து அவர் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, படி இறங்கி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் மறுபடி மேலே போனபோது அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். “போதும்கா” என்றேன். நிறுத்தினாள்.

அன்றைக்கு நான் கீழே வந்து வகுப்பறையில் தனியாக உட்கார்ந்தேன். எதிரே சுவரில் சட்டம். கண்ணாடிக்குள் என் வாக்கியம், கண்ணாடி மேல் என் முகம். மறுநாளிலிருந்து புகையை நிறுத்தினேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன். கட்டுரையில் இதையாவது என் பேரில் வரவு வையுங்கள்.

ஆறாம் நாள் அக்கா முதுகைச் சொறிந்துகொண்டாள். அதைப் பார்த்து நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? எட்டாம் நாள் தட்டைத் தள்ளிவைத்து, “உப்பே இல்லடா” என்றாள். ஒன்பதாம் நாள் நான் கீழே இருந்தபோது மேலிருந்து குரல் கேட்டது. கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, ஆனால் அதே குரல்.

“பயணிகளின்...” என்று நின்றது. பிறகு, “தம்பி. இந்த ஜன்னலை யார் மூடினது?”

படியேறிப் போனேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஜன்னலைத் தானே திறந்துவிட்டிருந்தாள். வெளியே பார்த்தபடி நின்றாள். காற்றில் முடி பறந்தது. திரும்பாமலே கேட்டாள்.

“இன்னிக்கு என்ன தேதி? ஒண்ணாந்தேதி வந்துடுச்சா?”

“இன்னும் வரலைக்கா” என்றேன்.

“அப்ப பெட்டியை எடுத்து வை. அவர் வந்துட்டா காக்க வைக்கக் கூடாது.”

“சரிக்கா” என்றேன்.

அன்று ஆறு மணிக்கு இரண்டு சிட்டிகை போட்டேன். ஜன்னலை நான்தான் மூடினேன். முதல் நாள் மூடியதும் நான்தான். அவள் தெளிவாக யோசிக்க வேண்டும் என்று அல்ல. அவள் யோசித்து முடித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்ததால் மூடினேன். பத்து வருடமாக இத்தனை பேருக்கு ஆசையைப் போக்கிக்கொண்டிருக்கும் நான் ஒரு முறைகூட அந்தப் புகையை முழுதாக இழுத்ததில்லை. ஆசிரியர் விழிப்போடு இருக்க வேண்டும் என்று காரணம் சொல்வேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அதை இழக்க எனக்கு மனமில்லை. அதற்கு அக்காவின் நாலும் போயின. அட்டைப்படத்தில் நீங்கள் பார்ப்பது சாந்தம் அல்ல. நான் செய்தது அது.

ஆக, செயலாளர் அவர்களே, நீங்கள் கேட்ட இரண்டு வரி இதுதான். இதை மலரில் போடுவதும் காவல் நிலையத்தில் கொடுப்பதும் உங்கள் விருப்பம். நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன். நாளை ஞாயிறு என்றால் திங்கள்.

சொல்லிவிட்டதில் மனது லேசாக இருக்கிறது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் விதிப்படியே நடப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மணி ஆறாகிறது, கரி கனிந்துவிட்டது. ஒரே ஒரு சிட்டிகைதான். பத்து நிமிடம் படியில் உட்கார்ந்துவிட்டு, உள்ளே போய் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முறைப்படி கேட்பேன். வேண்டாம் என்று அவள் வாயால் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்த நிமிடமே நிறுத்திவிடுவேன்.